சிசிலி அக்காவின் லைசென்ஸ் இல்லாத இளவேனில்

மொன்றியல் வில்லரேயில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சிசிலி அக்காவும் அவருடைய கணவர் றெனோல்ட் அண்ணையும் இருந்தார்கள். நான் இரண்டாம் மாடி. றெனோல்ட் அண்ணை துறைமுகத்தில் கொண்டெயினர் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை. அவர் நடந்தால் என் குசினி விளக்கு ஆடும். சிசிலி அக்கா நடப்பது கேட்கவே கேட்காது. வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால் வெளிப்படியில் அவருடைய சப்பாத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெல்ல நடப்பது அவருக்குத் தொழில் பழக்கம். அவர் வீடு பார்க்கிற இன்ஸ்பெக்டர். ஒருவர் வீடு வாங்க முன்னம் கூரை, மழைத்தண்ணீர்ப் பீலி, அத்திவாரம், கரண்ட், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்த்து, எது பழுது, எது பழுதாகப் போகிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. "தடதடவெண்டு நடந்தா வீடு வாயை மூடிக்கொண்டிடும் மலர்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

மன்னார் பேசாலையில் இருந்து இருபத்திரண்டு வயதில் மொன்றியலுக்கு வந்தவர். வந்த புதிதில் விற்பனைக்குப் போகும் வீடுகளைத் துப்புரவாக்கும் வேலை. ஆட்கள் போன பிறகு கிடக்கும் வெறும் வீடுகள். ஒரு பேஸ்மென்ற் சுவரை வெள்ளிக்கிழமை தேய்த்துக் கழுவி விட்டு வந்தால் திங்கட்கிழமை அதே இடத்தில் அதே ஈரக்கறை திரும்பவும் இருக்கும். மற்றப் பெண்கள் மறுபடி தேய்த்தார்கள். இவருக்கு அது எங்கேயிருந்து வருகிறது என்று அறியாவிட்டால் நித்திரை வராது. அதுக்காகவே பிரெஞ்சு படித்து, பிறகு பின்னேர வகுப்பில் கட்டடத் தொழில்நுட்பம் படித்து, மகள் றொஷினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ஏணியும் ரோச் லைற்றும் வாங்கி இன்ஸ்பெக்டர் வேலை தொடங்கினார்.

அந்த நாட்களில் ஏணியும் ரோச்சும் இருந்தால் யாரும் தன்னை இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகுதான் லைசென்ஸ் என்ற பேச்சு வந்தது. ஒழுங்கான படிப்பு, பரீட்சை, காப்புறுதி எல்லாம் காட்டிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். சிலர் முணுமுணுத்தார்கள். சிசிலி அக்கா சந்தோஷப்பட்டார். அட்டை கையில் கிடைத்த அன்று மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வரும்போது கேக் வாங்கி வந்து எனக்கும் ஒரு துண்டு தந்தார். அட்டையில் இருந்த படத்தில் அவர் எதையோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தார். அவருடைய முகமே அப்படித்தான். எப்போதும் பாதி இங்கே, பாதி வேறெங்கேயோ.

அந்த வீட்டில் ஒரேயொரு குறை இருந்தது. றெனோல்ட் அண்ணைக்குச் சொந்த வீடு வேண்டும். சிசிலி அக்காவுக்கு எந்த வீடும் பிடிக்காது. பிடிக்காது என்றால், பார்த்த உடனே அதன் நோய் தெரிந்துவிடும். "இதின்ர கூரை அஞ்சு வருசம் தாங்காது." "இதுக்குக் கீழை மண் சரியில்லை." அவர் எத்தனையோ பேருக்கு வீடு வாங்க உதவி செய்தார். தாங்கள் மட்டும் வாடகைக்கு இருந்தார்கள். மகள் படித்து முடித்து ஒட்டாவாவுக்கு வேலைக்குப் போன பிறகும் அதே மூன்றாம் மாடிதான்.

நான் சொல்ல வந்தது போன வருடத்து இளவேனிலில் நடந்தது.

அந்த மாரிக் குளிரில் றெனோல்ட் அண்ணைக்குத் தோளில் ஒப்பரேஷன். சிசிலி அக்கா வேலைக்கும் போய், அவருக்குச் சட்டை போட்டுவிட்டு, சோறு குழைத்துக் கொடுத்து, டொக்டரிடம் கூட்டிக்கொண்டு திரிந்தார். லைசென்ஸ் புதுப்பிக்க ஏப்ரல் முடிவு கடைசித் தவணை. கட்டணம் கட்டுவது லேசு. காப்புறுதிப் பத்திரம் அனுப்புவதும் லேசு. ஆனால் வருடாவருடம் இத்தனை மணித்தியாலம் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதை அவர் மாரி முழுக்கத் தள்ளிப்போட்டுவிட்டார். ஏப்ரல் பிறந்த பிறகு, வேலைக்குப் போக முன்னம், விடியற்காலை இருட்டில் எழும்பிக் கணினியில் வகுப்புப் பார்த்தார். ஒரு வகுப்பு கூரைக்குள் காற்றோட்டம் பற்றி. ஒன்று அத்திவாரத்துக்குக் கீழே செம்மண் நிறத்தில் துருச்சேறு படிந்து வடிகால் குழாயை அடைப்பது பற்றி. கடைசி வகுப்பு இன்ஸ்பெக்டர் வேலைத் தளத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி. அந்த வகுப்பு முடிந்த அன்றுதான் அவர் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நித்திரையாகிப் போனார்.

மொன்றியல் தீவின் மேற்கு முனை அது. ஆற்றங்கரைக்குக் கிட்ட ஒரு பழைய மரவீடு. விற்கிறவர்கள் எப்போதோ காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். வாங்க நினைத்தவர்கள் அனோஜினி என்ற தமிழ்ப் பிள்ளையும் அவளுடைய கணவனும். நெடுஞ்சாலையில் பாதை திருத்த வேலை. வாகனம் நகரவில்லை, பிந்தித்தான் வருவோம் என்று போன் எடுத்தாள். "அவசரமில்லைப் பிள்ளை, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு சிசிலி அக்கா வேலையைத் தொடங்கினார். கூரை பார்த்தார். கூரைக்குக் கீழே உள்ள உச்சிக்குள் ஏறிப் பார்த்தார். பேஸ்மென்றில் நிலம் சில்லென்று இருந்தது, ஆனால் காய்ந்து இருந்தது. எல்லாம் எழுதி முடித்தார். பிறகும் அவர்கள் வரவில்லை.

மேல் தளத்தில் பின்னறை. வெறும் அறை. திரைச்சீலை இல்லாத ஒரு பெரிய யன்னல். வெளியே உருகும் பனி கூரையில் இருந்து துளித்துளியாய்ப் பீலிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஒன்றோடொன்று முட்டும் சத்தம், யாரோ தூரத்தில் கோப்பை கழுவுவதுபோல. வெயில் மரத்தரையில் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வெயிலில் உட்கார்ந்தார். கைவைத்துப் பார்த்தார். தரை சுட்டது. சூடு என்றால், நெற்றியில் யாரோ கை வைத்ததுபோன்ற சூடு. பிறகு படுத்தார்.

"நித்திரை கொள்ளோணும் எண்டு படுக்கேல்லை மலர்" என்றார் என்னிடம். "தரை வா எண்டு கூப்பிட்ட மாதிரி இருந்தது."

அந்த நித்திரையில் அவருக்கு ஒரு கனவு வந்தது. வீடு அத்திவாரத்தைவிட்டு மெல்லக் கழன்றது. சத்தமில்லை, குலுக்கமில்லை. கரையில் கட்டின வள்ளம் கயிறு அவிழ்ந்தால் எப்படிப் போகுமோ அப்படி ஆற்றில் இறங்கிப் போனது. அவர் யன்னலடியில் நின்று பார்த்தார். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வீடுகளும் மிதந்து வந்தன. எல்லாம் அவர் பார்த்து எழுதிக் கொடுத்த வீடுகள். ரோஸ்மொன்ற்றில் பார்த்த செங்கல் வீடு, அதன் வெளிப்படி தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது. லாவாலில் பார்த்த வீட்டு முற்றத்தில் இன்னும் ஊஞ்சல் இருந்தது. யன்னல்களில் சனம் நின்று கச்சான் கடலை தின்றார்கள். சிலர் கை காட்டினார்கள். சுவரில் இருந்த வெடிப்புகளுக்குள்ளால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து அவருக்கு ஒரு கவலையும் வரவில்லை. "அங்கை ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வந்த ஆறுதலை நான் இன்னும் மறக்கவில்லை.

"மடாம்? மடாம்?"

கண் திறந்தபோது வாசலில் வீட்டுக்காரரின் ஏஜென்ற் நின்றார். நீலக் கோட்டுப் போட்ட மனிதர். கையில் போன். சிசிலி அக்கா பதறி எழும்பினார். ஒரு காலில் காலுறை பாதி கழன்று கிடந்தது. மன்னிப்புக் கேட்டார். ஏஜென்ற் போனைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அனோஜினியும் கணவனும் வந்தார்கள். சிசிலி அக்கா அவர்களுக்கு வீடு முழுவதையும் ஒவ்வொன்றாகக் காட்டி விளங்கப்படுத்தினார். தான் படுத்ததையும் சொன்னார். அந்தப் பிள்ளை சிரித்தாள்.

ஏஜென்ற் முறைப்பாடு கொடுத்துவிட்டார். வேலை நேரத்தில், பிறர் வீட்டில், இன்ஸ்பெக்டர் படுத்து நித்திரை. படத்தோடு. அவரையும் பிழை சொல்ல முடியாது. வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்தவர் அவர்.

புதுப்பிக்கும் பத்திரத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த வருடம் உங்கள்மேல் முறைப்பாடு ஏதும் உண்டா? முறைப்பாட்டுக் கடிதம் வந்து ஒரு கிழமையில் சிசிலி அக்கா அந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். றெனோல்ட் அண்ணை பக்கத்தில் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு நின்றார். நான் அவர்களுக்குப் புட்டு கொண்டுபோயிருந்தேன்.

"நீர் வேலையை முடிச்சிட்டுத்தானே படுத்தனீர்?" என்றார் றெனோல்ட் அண்ணை.

"முடிச்சிட்டுத்தான்."

"அப்ப அது முறைப்பாடோ? அது ஆறுதல் எடுக்கிறது."

"எண்டாலும் படுத்தனான்தானேப்பா. கேக்கிறதுக்குப் பதில் சொல்லோணும்."

ஓம், உண்டு என்ற பெட்டியில் அடையாளம் போட்டார். கட்டணத்தையும் அன்றே கட்டினார். கட்டணம் கட்டினால் மட்டும் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது என்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. முறைப்பாட்டை ஒரு குழு விசாரித்து முடிக்கும்வரை புதுப்பித்தல் நிற்கும் என்று பதில் வந்தது. தவணை கடந்தால் பழைய சான்றிதழ் செல்லாது. செல்லாத நாட்களில் அவர் எந்த வீட்டையும் பார்த்து அறிக்கை எழுதக் கூடாது.

மே மாதம் பிறந்தது. சிசிலி அக்கா தன் வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராய்ப் போன் எடுத்து வேறு இன்ஸ்பெக்டர்களின் நம்பர் கொடுத்தார். ஏணி மூன்றாம் மாடி வெளிப்படியில் சாத்தி வைத்தபடி இருந்தது. அந்தக் கிழமைதான் அவருடைய காலடி முதல்முறையாக எனக்குக் கேட்டது. குசினியில் இருந்து யன்னல், யன்னலில் இருந்து குசினி. றெனோல்ட் அண்ணையின் நடைபோல அது விளக்கை ஆட்டவில்லை. ஆனால் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் ஒரு கார்டெரியில், பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், வேலை செய்கிறேன். மத்தியானத்தில் சின்னப் பிள்ளைகளை நித்திரையாக்குவதுதான் என் வேலையில் பெரிய வேலை. "அக்கா, உங்களை மாதிரி ஒரு ஆள் எங்கட இடத்திலை இருந்தா எனக்கு எவ்வளவு லேசு" என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அவரை வீட்டைவிட்டு வெளியே எடுத்தவர் றெனோல்ட் அண்ணைதான். ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் ஒரு வீட்டு வாசலில் "திறந்த வீடு" என்று பலகை நட்டிருந்தது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

"வாரும், பாத்திட்டுப் போவம்."

"எனக்கு லைசென்ஸ் இல்லையப்பா."

"பாக்கிறதுக்கு என்ன லைசென்ஸ்? எல்லாச் சனமும் பாக்குது."

அது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. இருபது வருடமாக வீடுகளுக்குள் போய் வந்தவர், ஒருமுறைகூடச் சும்மா போனதில்லை. வாசலில் கால் வைத்த உடனே அவருடைய கண் கூரையோரத்துக்குப் போனது. றெனோல்ட் அண்ணை அவருடைய கையைப் பிடித்தார்.

"மேலை பாக்கக் கூடாது. கீழையும் பாக்கக் கூடாது. நேரே பாரும்."

நேரே பார்த்தபோது ஒரு குசினி இருந்தது. மேசையில் எலுமிச்சம்பழம் ஒரு கிண்ணம் நிறைய. யன்னலுக்கு வெளியே மேப்பிள் மரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பூ. யாரோ ஒரு பிள்ளை கதவு நிலையில் தன் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. சிசிலி அக்கா அந்தக் கோடுகளைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவர் எத்தனையோ கதவு நிலைகளை நேராக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்தவர். ஒன்றிலும் பிள்ளைகளின் கோட்டைக் கண்டதாக ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார்கள். வாங்குவதற்கு இல்லை, சும்மா. சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முன்பின் தெரியாதவர்களின் அறைகளுக்குள் காலுறையோடு நடந்து திரிந்தோம். ஒரு வீட்டில் படி ஏறும் இடமெல்லாம் புத்தகம். ஒரு வீட்டில் குளியலறை யன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் புறாக்கூடு. லைலாக் பூக்கத் தொடங்கியிருந்தது. தெருவெல்லாம் அந்த வாசம். எந்த வீட்டில் எதைப் பார்த்தோம் என்பது எனக்கு இப்போது குழம்பிப் போய்விட்டது. ஒரே பெரிய வீட்டுக்குள் அந்த மாதம் முழுக்க நடந்து திரிந்ததுபோல இருக்கிறது. சிசிலி அக்கா முன்னால் போவார். ஒவ்வொரு யன்னலிலும் நின்று வெளியே பார்ப்பார். "இதிலை நிண்டா என்ன தெரியும்?" என்று கேட்பார். அவருடைய காலடி திரும்பவும் கேட்காமல் போய்விட்டது.

நகரின் கிழக்கே ஒரு வீட்டை மே முடிவில் கண்டார்கள். அன்று நான் போகவில்லை. துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒடுக்கமான பழைய செங்கல் வீடு. அந்த வீட்டை விற்கிற வேறொரு ஏஜென்ற் வாசலில் விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடவேண்டாம் என்று காட்டினார். உள்ளே போனால் முன்னறைச் சாய்வு நாற்காலியில் ஒரு வயதான மனிதர் நித்திரை. வீட்டுக்காரர். மனைவி செத்த பிறகு மகனோடு போய் இருக்கப் போகிறவர். சனம் வீடு பார்க்க வருகிற நேரம் வெளியே போய் இருங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மடியில் பேப்பர். வந்த சனம் எல்லாம் அவரைச் சுற்றிப் பூனைபோல நடந்து போனார்கள். ஒரு குழந்தை மட்டும் கிட்டப் போய் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வந்தது. துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் ஊதியது. அதற்கும் அவர் அசையவில்லை.

சிசிலி அக்கா மேலே போனார், கீழே வந்தார், திரும்பவும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு றெனோல்ட் அண்ணையின் காதுக்குள் சொன்னார்:

"இதைக் கேட்டுப் பாப்பமே?"

றெனோல்ட் அண்ணைக்கு முதலில் விளங்கவில்லை. "எதைக் கேக்கிறது?"

"வீட்டை."

வெளியே வந்து தெருவில் நின்று றெனோல்ட் அண்ணை அழுதுவிட்டார் என்று சிசிலி அக்கா பிறகு எனக்குச் சொன்னார். "தோள் நோவாக்கும் எண்டு நினைச்சன் மலர்."

விசாரணை ஜூன் முதல் கிழமை. சிசிலி அக்கா தன் நல்ல சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு மெற்றோவில் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். படத்தைக் காட்டினார்கள். அதில் ஒரு பெண் வெயிலில், மார்பின்மேல் ரோச்சை வைத்துக்கொண்டு, ஒரு குழந்தைபோலக் கிடந்தாள். அவருக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை.

நடுவில் இருந்த பெண் கேட்டார்: "தரையின் சரிவையோ சத்தத்தையோ பார்ப்பதற்காகப் படுத்தீர்களா? அப்படிச் செய்வதுண்டு என்று சிலர் சொல்கிறார்கள்."

தப்புவதற்கு நல்ல வழி அது. நல்ல மனதோடுதான் அந்தப் பெண் அதைத் திறந்து வைத்தார்.

"இல்லை" என்றார் சிசிலி அக்கா. "நான் நித்திரை கொண்டன். தரை சூடாய் இருந்தது."

அந்த வீட்டுக்கு அவர் எழுதிய அறிக்கையை மூன்று பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். அதில் ஒரு குறையும் இல்லை. அனோஜினியிடமும் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அவளும் கணவனும் அந்த வீட்டை வாங்கிவிட்டார்கள். அவள் அன்று பின்னேரம் சிசிலி அக்காவுக்குப் போன் எடுத்தாள்: "அன்ரி, அந்த அறையிலைதான் நாங்கள் படுக்கிறம். நீங்கள் செய்தது பிழையில்லை. எங்களுக்கும் அங்கை எழும்ப மனம் வராது."

முடிவு வர இன்னும் நாள் எடுக்கும் என்றார்கள். இதற்குள் கிழக்கே கண்ட வீட்டின் வயதான மனிதர் இவர்கள் கேட்டதற்குச் சம்மதம் சொல்லிவிட்டார். வீட்டை ஒரு இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகு உறுதி செய்யலாம் என்பது ஒப்பந்தம். "நீங்களே பார்த்துக்கொள்ளலாமே" என்றார் ஏஜென்ற். சிசிலி அக்கா இல்லை என்று தலையாட்டினார். லைசென்ஸ் கையில் இருந்திருந்தாலும் அது முடியாது. தனக்கு லாப நட்டம் உள்ள வீட்டைத் தானே பார்த்து எழுதக் கூடாது என்பதும் விதி. அதனால் நகுலேஸ்வரனைக் கூப்பிட்டார்.

நகுலேஸ்வரன் அவருடைய வயதுக்காரர். அதே தொழில். யாழ்ப்பாணம் நல்லூர் ஆள். இரண்டு பேருக்கும் அவ்வளவு ஒட்டு இல்லை. ஒன்றுக்குப் பத்தாய் எழுதுகிறவர், ஆணி துருப்பிடித்தாலும் ஒரு பக்கம் எழுதுவார் என்று சிசிலி அக்கா சொல்லுவார். ஆனால் ஒன்றும் விடமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் வந்து வீட்டைப் பார்த்து முடிக்கும்வரை சிசிலி அக்கா பின்முற்றத்தில் ஒரு தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் நின்றார். அன்று நானும் போயிருந்தேன். கூரையில் நகுலேஸ்வரன் நடப்பது கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் சிசிலி அக்காவின் தோள் ஒருமுறை சுருங்கியது.

பிறகு அவர் குசினிக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பேஸ்மென்ற் மேற்குச் சுவரில் ஒரு நெடுக்கு வெடிப்பு. பழசு, ஆனால் கவனிக்க வேணும். தரை தெற்கே சரிஞ்சிருக்கு. பின்பக்கப் பீலி மாத்த வேணும். மேல்தளத்திலை பழைய கரண்ட் வயர் ஒரு அறையிலை இருக்கு. தெருவுக்குப் போற கழிவுக் குழாயைக் கமரா விட்டுப் பாக்கிறது நல்லது.

எல்லாம் சிசிலி அக்கா ஆயிரம் முறை பிறருக்குச் சொன்ன சொற்கள். அவருக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு பாரதூரம், எவ்வளவு சின்னது என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் அவருடைய முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். அந்த வெடிப்பு ஏதோ அவருடைய உடம்பில் கண்டுபிடித்ததுபோல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அவர் தன் வாடிக்கையாளர்களிடம் இருந்து கேட்டு அலுத்துப்போன அதே கேள்வியைக் கேட்டார்.

"அண்ணை, வாங்கலாமோ?"

நகுலேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உமக்குத் தெரியும்தானே. அதை நான் சொல்லக் கூடாது."

"தெரியும். எண்டாலும் கேக்கிறன்."

"இருக்கிறதைச் சொல்லலாம். வாங்கு, வாங்காதை எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீரும் இப்பிடித்தானே சொல்லுவீர்?"

"ஓம்" என்றார் சிசிலி அக்கா. "இப்பிடித்தான் சொல்லுறனான். இவ்வளவு தனியாய் இருக்கும் எண்டு தெரியாது."

நகுலேஸ்வரன் போகவில்லை. வேலை முடிந்துவிட்டது, அடுத்த வீட்டுக்கு நேரமும் ஆகிவிட்டது. ஆனாலும் குசினி மேசையில் எங்களோடு இருந்தார். வீட்டுக்கார மனிதர் தந்த கோப்பியைக் குடித்தார். தன் வீட்டில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார். முதல் மாரியே பேஸ்மென்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மனைவியும் அவரும் வாளியோடு நின்று சிரித்தார்களாம். "நான் இன்ஸ்பெக்டர் எண்டு தெரிஞ்ச சனத்துக்கெல்லாம் சொல்லாமல் மறைச்சுப்போட்டன்" என்றார். றெனோல்ட் அண்ணை அடக்க முடியாமல் சிரித்தார். சிசிலி அக்காவும் சிரித்தார். வீட்டுக்கார மனிதருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று பின்னேரமே கையெழுத்து வைத்தார்கள்.

குழுவின் முடிவு அடுத்த கிழமை வந்தது. அறிக்கையில் குறை இல்லை. நடத்தை பற்றி ஓர் அறிவுரை. அந்த வருடப் படிப்பு மணித்தியாலங்களோடு இன்னும் ஒரு வகுப்பு மேலதிகமாக எடுக்க வேண்டும். தவணை கடந்ததற்கான மேலதிகக் கட்டணம் உண்டு. அவை முடிந்தால் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும். சிசிலி அக்கா மூன்று நாளில் எல்லாவற்றையும் முடித்தார். புது அட்டை வந்தது. பழைய படமேதான்.

ஜூலையில் வீடு மாறினார்கள். வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து ஊரே வீடு மாறுகிற கிழமை அது. தெருவெல்லாம் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் லொறியும். எங்கள் கட்டடத்தின் வளைந்த வெளிப்படியால் அவர்களுடைய அலுமாரியை இறக்க றெனோல்ட் அண்ணையின் துறைமுகத்து நண்பர்கள் வந்திருந்தார்கள். பெரிய பெரிய கொண்டெயினர்களைத் தூக்கி வைக்கிறவர்களுக்கு அந்த அலுமாரி தண்ணி காட்டிவிட்டது. சிசிலி அக்கா கீழே நின்று, மாதா படம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருந்த அலுமாரியைப் பார்த்தபடி நின்றார்.

ஆவணியில் நான் அவர்களைப் பார்க்கப் போனேன். மெற்றோவில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடக்கவே தார் வாசமும் ஈரக்காற்றும் வந்தது. சிசிலி அக்கா அப்போதுதான் வேலையால் வந்து ஏணியை இறக்கிக்கொண்டிருந்தார். முன்னைவிட நேரம் எடுத்து வேலை செய்கிறார் என்று றெனோல்ட் அண்ணை சொன்னார். அறிக்கையைக் கொடுத்துவிட்டு உடனே வருவதில்லை. சனத்தோடு குசினியில் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வருகிறார். வாங்கு, வாங்காதை என்று சொல்லுவதில்லை. அது விதி. இருந்துவிட்டு வருவதற்கு விதி ஒன்றும் இல்லை.

எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். மற்றவர்கள் புது வீட்டில் குசினியையும் குளியலறையையும் காட்டுவார்கள். இவர் முதலில் பேஸ்மென்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த நெடுக்கு வெடிப்பைக் காட்டினார். பக்கத்தில் நின்று, உறவுக்காரர் ஒருவரை அறிமுகப்படுத்துவதுபோல, அது எந்தக் காலத்தில் வந்திருக்கும், ஏன் இனி நகராது என்று சொன்னார். பிறகு சரிந்த தரை. குசினியில் ஒரு தக்காளியை வைத்தார். அது மெல்ல, யோசித்து யோசித்து, கதவடிக்கு உருண்டு போனது. நாங்கள் மூன்று பேரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திருத்தப் போறியளோ அக்கா?" என்று கேட்டேன்.

"பிறகு பாப்பம்" என்றார்.

பின்னேர வெயில் குசினிக்குள் வந்திருந்தது. றெனோல்ட் அண்ணை ஒரு கையால் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். மற்றக் கை இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. கணினி மேசையில் திறந்தபடி இருந்தது. அடுத்த வருடத்துப் படிப்பு மணித்தியாலங்களுக்கு சிசிலி அக்கா இப்போதே பதிந்துவிட்டார். முதல் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு மனிதர் பிரெஞ்சில் புகைபோக்கிகளைப் பற்றி நிதானமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். சிசிலி அக்கா ஒரு காதில் அவரைக் கேட்டுக்கொண்டு, மற்றக் காதில் என் கதையைக் கேட்டுக்கொண்டு, வெங்காயம் வெட்டினார்.